மகள் படிப்புக்குக் கடனா? கட்டும் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு!

மகளைக் கல்லூரியில் சேர்க்க அடகுக்கடைக்கு ஓடும் அப்பாக்களே, ஒரு நிமிஷம் நில்லுங்கள்!

பிளஸ் 2-வுக்கு மேற்பட்ட படிப்புக்காக பாங்கில் கடன் வாங்கினால், கட்டும் வட்டி முழுவதையும் வருமானத்தில் கழித்துக் காட்டலாம். உச்சவரம்பு கிடையாது. வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டு முதல் 8 ஆண்டுகளுக்கு இந்தச் சலுகை. அசலுக்குக் கிடையாது.

பழைய வரி முறையில் 20 சதவீதம் கட்டும் குமாஸ்தா, ஆண்டுக்கு ரூ.60 ஆயிரம் வட்டி கட்டினால் மிச்சம் ரூ.12 ஆயிரத்துக்கு மேல்! அதே கடனை அடகுக்கடையிலோ மச்சானிடமோ வாங்கியிருந்தால்? ஒரு பைசா தேறாது.

யார் பெயரில் கடன்?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மகள் பெயரில் மட்டும் கடன் இருந்தால், வட்டி கட்டும் அப்பாவுக்குச் சலுகை இல்லை. கடன் வாங்கும்போதே அவரும் கடன்தாரராகச் சேர வேண்டும். தம்பி, தங்கை படிப்புக்கு வாங்கிய கடனும் இதில் சேராது.

புதிய வரி முறைக்குப் போனவர்கள், "என் சலுகை எங்கே சார்?" என்று கேட்டுப் பயனில்லை. இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழையதுதான் லாபம் என்றால், பாங்கில் வட்டி சர்டிபிகேட் வாங்கி ஆபீசில் கொடுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்!