ஆள் வைப்பதற்கு முன்னால் ஒரு நோட்டு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இது ஐந்து நிமிடத்தில் முடிகிற பேச்சு இல்லை. அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகிவிட்டது, இந்த வாரம் டிஸ்சார்ஜ், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நல்ல ஏஜென்சி எது என்று கேட்கிறீர்கள். ஒரு பெயர் சொல்லிவிடலாம். ஆனால் எதிர்வீட்டுக்குத் தங்கமாக அமைந்த ஏஜென்சி உங்கள் வீட்டுக்கு அனுப்பப்போவது வேறொரு ஆளை. அதனால் பெயரை விடுங்கள், தேடுகிற முறையைச் சொல்கிறேன்.

மதுரையில் இது வழக்கமாக எப்படி நடக்கும் தெரியுமா? காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "கூட்டிட்டுப் போகலாம்" என்பார். மத்தியானம் பில் செட்டில் ஆகும். அதற்குள் வார்டு ஆயா ஒரு நம்பர் தருவார். ஆஸ்பத்திரி வாசல் மின்கம்பத்து நோட்டீஸில் இன்னொரு நம்பர் இருக்கும். பொழுது சாயும்போது யாரோ ஒருவர் துணிப்பையோடு உங்கள் வாசலில் நிற்பார். அம்மாவுக்கு என்ன வியாதி என்று அவருக்குத் தெரியாது, அவருடைய பெயருக்கு மேல் உங்களுக்கு எதுவும் தெரியாது. டிஸ்சார்ஜுக்கு மூன்று நாள் முன்பே தேட ஆரம்பித்தால் இந்தச் சங்கடத்தில் பாதி வராது.

தேடுவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சின்ன நோட்டு ஒன்று வாங்கி அம்மாவின் ஒரு நாளை எழுதுங்கள், இன்று காலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலை ஐந்து மணி வரை. தானாக எழுந்து உட்கார முடிகிறதா, தூக்கிவிட வேண்டுமா, தூக்க ஒருவர் போதுமா? பாத்ரூமுக்கு வாக்கர் பிடித்து நடப்பாரா, டயப்பரா? இன்சுலின் உண்டா? ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார்? பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள் என்பதால் முக்கால்வாசி வீடுகளில் பகலுக்குத்தான் ஆள் கேட்கிறார்கள். எழுதிப் பார்த்தால்தான் ராத்திரி எவ்வளவு மோசம் என்று தெரியும். தூக்கக் கலக்கம், ஜீரோ வாட்ஸ் விளக்கு, ஈரம் காயாத பாத்ரூம் தரை. இடுப்பு எலும்பு ஒரு தடவை உடைந்தவருக்கு இது விளையாட்டில்லை.

நர்ஸ் வேண்டுமா, அட்டெண்டர் போதுமா என்பதையும் அந்த நோட்டே சொல்லிவிடும். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டுவது, கைப்பிடித்து நடக்க வைப்பது, நீங்கள் பிரித்து வைத்த மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பது எல்லாம் அட்டெண்டர் வேலை. ஊசி, டிரிப்ஸ், புண்ணுக்கு டிரெஸ்ஸிங், மூக்குக் குழாயோ யூரின் டியூபோ மாற்றுவது நர்ஸ் வேலை. ஜி.என்.எம். மூன்று வருடப் படிப்பு, பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு வருடம். முடித்தவருக்கு நர்ஸிங் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். "நர்ஸ்தான் சார் அனுப்புறோம்" என்று போனில் சொன்னால் அந்த எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாதவருக்கு நர்ஸ் ரேட் கொடுத்தால் பணம்தான் நஷ்டம். அவர் கையில் ஊசியைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் முடிந்து நடக்கப் பழகுகிற உங்கள் அம்மாவுக்கு, டாக்டர் தனியாக எதுவும் சொல்லவில்லை என்றால், முழுநேர நர்ஸ் தேவைப்படாது. ஒரு அட்டெண்டர், டிரெஸ்ஸிங்குக்கு வந்து போகிற நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட் போதும்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களின் கதை வேறு. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. இப்போது ஏஜென்சி சொல்கிற "24 மணி நேர ஆள்" என்பதை யோசித்துப் பாருங்கள். வீட்டோடு தங்குகிற ஒரே ஒருவர். அவர் எப்போது தூங்குவார்? முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து செய்வார். இரண்டாவது வாரம், ராத்திரி பத்து மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தவரை விடிந்துதான் தொடுவார். அதற்கு அவரைத் திட்டிப் பயனில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் இரண்டு பேர் வேண்டும், அல்லது ராத்திரியில் பாதியை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டால் புரட்ட வேண்டியதில்லை என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் அரசாங்கத்தில் என்ன கிடைக்கிறது என்றும் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பிசியோதெரபியும், நாள்பட்ட நோயாளிகளுக்கு வலி தணிக்கும் சேவையும் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைக் கொடுத்து வையுங்கள். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள், கூடவே உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கூட உட்காருவதற்குத்தான் நாம் ஆள் தேடுகிறோம்.

அந்த ஆளை அனுப்புகிற ஏஜென்சியைச் சட்டம் எவ்வளவு தூரம் கவனிக்கிறது? முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவு சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் மூலம் வந்துவிட்டது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமோ 2007-இல்தான் வந்தது. ஜீவனாம்சம், முதியோர் இல்லம், சொத்து என்று பேசிய அந்தச் சட்டம் வீட்டுக்கு ஆள் அனுப்பும் தொழிலை நினைக்கவில்லை. 2019 டிசம்பரில் மக்களவையில் வைத்த திருத்த மசோதாவில்தான் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும் என்ற பிரிவு வந்தது. மசோதா நிலைக்குழுவுக்குப் போனது, நிறைவேறவில்லை, 2024-இல் அந்த மக்களவை கலைந்ததோடு காலாவதியானது. இத்தனைக்கும் 2021-க்கான மக்கள்தொகைக் கணிப்புப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13 பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள், கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஆகவே இன்ஸ்பெக்டர் வேலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஏஜென்சிக்கு நேரில் போங்கள். போன் நம்பர் மட்டும் வைத்திருப்பவர்களிடம் ஆபீஸ் எங்கே என்று கேட்டாலே பாதிப்பேர் கழன்றுகொள்வார்கள். ரேட்டைக் கேட்பதோடு, அதில் வேலைக்கு வருகிறவரின் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். சொல்ல மறுத்தால் அதுவே ஒரு பதில். பாதியை இவர்கள் எடுத்துக்கொண்டால் வருகிறவர் மாதத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டே இருப்பார், அம்மாவும் ஒவ்வொரு மாதமும் ஒரு புது முகத்துக்கு முன்னால் புடவை மாற்ற வேண்டியிருக்கும். அம்மா மறுபடி அட்மிட் ஆனால் அந்த நாட்களுக்குப் பணம் உண்டா, அட்வான்ஸ் திரும்பி வருமா, ஏஜென்சியை விட்டு அந்த ஆளையே நேரடியாக வைத்துக்கொண்டால் என்ன அபராதம் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். வாட்ஸப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை.

எல்லாவற்றையும் விட நான் முக்கியமாக நினைக்கிற கேள்வி, ஆள் வராத நாளில் என்ன என்பதுதான். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மதுரையில் யாரை வேலையில் நிறுத்திவைக்க முடியும்? தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, அடுத்த நாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். அவர்களுக்கும் ஊர் உண்டு, பிள்ளைகள் உண்டு. "மாத்து ஆள் அனுப்பிருவோம் சார்" என்றால் திருப்திப்பட்டுவிடாதீர்கள். யார் அந்த மாற்று ஆள், முன்கூட்டியே ஒரு நாள் வந்து கூட இருந்து பழகிக்கொள்வாரா என்று கேளுங்கள். இன்னொன்று, சித்திரைத் திருவிழாவில் கோரிப்பாளையமும் ஏ.வி. பாலமும் ஜனத்தில் மூழ்கிவிடும். உங்கள் வீடு வில்லாபுரத்தில், மாற்று ஆள் நரிமேட்டில் என்றால் ஷிஃப்ட் மாற அவர் வைகையைத் தாண்டி வந்து சேர முடியாது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பவராகக் கேட்டு வாங்குங்கள்.

உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம் என்றால் நான் வேறு வழி சொல்வேன். கடைசி பஸ்ஸை நம்பி ஷிஃப்ட் ஆள் அங்கே நிலைக்காது. ஊரிலேயே பொறுமையான ஒரு பெண்ணுக்கு நியாயமான சம்பளம் பேசி, டவுனிலிருந்து ஒரு நர்ஸை வாரம் ஒரு முறை வரவழைத்துப் பழக்கிவிடுவது மேல்.

ஆள் வந்த முதல் ஒரு மணி நேரம் நீங்கள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தொடுவதற்கு முன்னால் சொல்கிறாரா? "பெரியம்மா, இப்ப எடது பக்கமா திரும்பப் போறோம்" என்று சொல்லிவிட்டுக் கை வைக்கிறவரை விடாதீர்கள். கஞ்சி ஊட்டும்போது தலைப்பக்கத்தை உயர்த்துகிறாரா, ஊட்டி முடித்ததும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். உடனே படுக்க வைத்தால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குப் போகும். யூரின் பை இருந்தால், சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது அதை மடியில் தூக்கி வைக்கிறாரா, இடுப்புக்குக் கீழே தொங்கவிடுகிறாரா என்று கவனியுங்கள். மேலே வைத்தால் சிறுநீர் திரும்பி உள்ளே போய்த் தொற்று வரும். சர்டிஃபிகேட்டில் தெரியாதது இந்த இடங்களில் தெரிந்துவிடும்.

அதே ஒரு மணி நேரத்தில் உங்கள் வீடும் தேர்வு எழுதுகிறது. "எந்த ஊரும்மா நீ? அங்க எந்தத் தெரு?" என்று அம்மா ஆரம்பிப்பார். அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தன் மலத்தை அள்ளப்போகிறவருக்குத் தனி டம்ளர் எடுத்து வைக்கிற வீடுகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் எந்த ஆளும் தங்க மாட்டார், தங்கவும் கூடாது. அம்மாவை நீங்கள்தான் நிறுத்த வேண்டும், கொஞ்சம் கடுமையாகவே. வருகிறவருக்குப் படுக்க ஒரு இடம், மூன்று வேளை உங்கள் சாப்பாடு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, இவற்றையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதார் நகல் வாங்குங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்களைப் பற்றிய சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நகை பேங்க் லாக்கருக்குப் போகட்டும், ஏ.டி.எம். பின் நம்பர் யாருக்கும் வேண்டாம். கேமரா வைத்தால் அவரிடம் சொல்லிவிட்டு ஹாலில் வையுங்கள். உடை மாற்றுகிற, குளிக்கிற இடத்தில் கூடவே கூடாது. முதலில் வாங்கிய நோட்டை அவரிடமே கொடுங்கள். "6.10 வலப்பக்கம். 7.00 கேப்பைக் கூழ் ஒரு டம்ளர், பாதிதான் குடிச்சாங்க. 9.30 மோஷன்" என்று அவர் எழுதட்டும். சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் தம்பி தினமும் வீடியோ காலில் "அம்மா எப்படி இருக்கீங்க" என்று கேட்பதை விட, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அவருக்கு நிறையத் தெரியும்.

இவ்வளவு நேரம் பேசினோம், அம்மா என்ன சொன்னார் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் கேளுங்கள். ஆள் வந்த பிறகும் தினம் ஒரு பத்து நிமிடம் அவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, தனியாக இருக்கும்போது அம்மாவிடம் கேளுங்கள். கையில் கன்றிப்போன தடம், அவர் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துவது, பகலெல்லாம் காரணமில்லாத தூக்கம் இதெல்லாம் தெரிந்தால் ஏஜென்சியின் விளக்கத்துக்குக் காத்திருக்காதீர்கள். ஆளை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். முதியோர் உதவி எண் 14567-க்கும் பேசலாம். அப்படி எதுவும் இல்லாமல், "என்னமோ அந்தப் பொண்ணு எனக்கு ஒத்து வரல" என்று மட்டும் சொன்னாலும் வாதாடாதீர்கள். முதல் வாரத்துக்குள் காரணம் சொல்லாமல் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு வரியை ஏஜென்சியிடம் எழுதி வாங்கியிருந்தால், ஒரு போன் போட்டால் போதும்.