உங்களுக்குத் தெரியுமா? ஓசூரின் உயரமும் தமனி இரத்தத்தின் ஆக்சிஜனும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் காற்றழுத்தம் 760-லிருந்து சுமார் 680 மி.மீ. பாதரசமாகக் குறைவதால், நுரையீரலின் காற்றுப்பைகளிலுள்ள ஆக்சிஜனின் அழுத்தமும் சென்னையைவிட ஏறக்குறைய 15 மி.மீ. குறைகிறது. ஆகவே, தமனி இரத்த வாயுப் பரிசோதனையில், அதாவது பெரும்பாலும் மணிக்கட்டுத் தமனியில் எடுத்த இரத்தத்தின் அமில-காரநிலையையும் வாயு அழுத்தங்களையும் அளக்கும் சோதனையில், பாடநூலின் 80 முதல் 100 என்ற ஆக்சிஜன் எல்லையைச் செவிலிய மாணவர் அப்படியே பொருத்தினால், 75 காட்டும் நலமான ஆலைத் தொழிலாளியும் நோயாளியாகத் தோன்றக்கூடும். ஆனால் 60-க்குக் கீழ் இறங்கினால் ஓசூரிலும் அது அபாயமே. பி.எச். அளவின் 7.35 முதல் 7.45 வரையான எல்லை இவ்வுயரத்தால் மாறுவதில்லை. முதலில் அதையும், பின்னர் சுவாசத்தின் நிலையைக் காட்டும் கரியமில வாயுவையும், வளர்சிதை மாற்றத்தைக் காட்டும் பைகார்பனேட்டையும் படிக்கும் வரிசை எவ்வூருக்கும் பொருந்தும்.