பவளத் தொட்டிக்கு விளக்கு: விற்பவர் அறிய வேண்டியவை



எலெக்ட்ரிக்கல் கடையிலோ ஃபேன்சி ஸ்டோரிலோ ஒரு வாடிக்கையாளர் வந்து, "கடல் மீன் தொட்டியில் பவளம் வைக்க எந்த விளக்கு போடலாம்?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வது? சரக்கைத் தெரிந்து விற்பதுதானே நமக்கு வழக்கம். ஆகவே விவரத்தைப் பார்ப்போம்.

பவளம் கல்லும் அல்ல, செடியும் அல்ல, உயிருள்ள பிராணி. அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து, பெரும் பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. வெளிச்சம் குறைந்தால் பவளம் பழுப்பேறி வாடும். திடீரென்று அதிகமானாலோ, தண்ணீர் சூடேறினாலோ பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி இப்படித்தான் வெளுத்தது.

கடல் நீரில் சிவப்பு ஒளி சில மீட்டரிலேயே மங்கிவிடும். நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும். அதனால்தான் பவளத் தொட்டி விளக்கு நீலமாக எரிகிறது. வீட்டு டியூப் லைட் 6,500 கெல்வின் என்றால், இதற்கு 14,000 முதல் 20,000 வரை போடுகிறார்கள். புது விளக்கைப் பாதி வெளிச்சத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் மெல்ல ஏற்ற வேண்டும். தினம் 8 முதல் 10 மணி நேரம் போதும், டைமர் அவசியம். 250 வாட் மெட்டல் ஹாலைடு 9 மணி நேரம் எரிந்தால் மாதம் சுமார் 67 யூனிட். 90 வாட் எல்.இ.டி. என்றால் 24 யூனிட்தான். தண்ணீரும் அதிகம் சூடாகாது.

மளிகைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மரக்காணம் உப்பும் கடலில் இருந்து வந்ததுதானே என்று கல்லுப்பைக் கொடுத்து அனுப்ப வேண்டாம். உப்பளத்தில் கால்சியம் முன்னதாகவே படிந்துவிடுகிறது. மெக்னீசியம் கசப்பு நீரோடு போய்விடுகிறது. பவளக் கூடு வளர இரண்டும் வேண்டும். அதற்கென்றே தனி உப்புக் கலவை விற்கிறது.

இனி முக்கியமான சங்கதி. விளக்கை விற்கலாம், பவளத்தை விற்க முடியாது. 2001 ஜூலையில் மத்திய அரசு கல் பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவற்றை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. உயிரோடு இருந்தாலும் செத்துக் காய்ந்திருந்தாலும் சட்டம் ஒன்றே. கடற்கரைப் பக்கம் சங்கு, சிப்பியோடு வெள்ளைப் பவளக் கொத்தை அடுக்கி வைக்கும் கடைக்காரர் இதைக் கவனிக்க வேண்டும். தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் ரூ. 25,000-க்குக் குறையாது. "பழைய ஸ்டாக்" என்ற சமாதானம் எடுபடாது.

இந்தோனேசியாவில் கடலுக்குள் பவளத் துண்டுகளை நட்டு வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் "இம்போர்ட் சரக்கு" என்று வாய்ச்சொல்லாகச் சொல்லி யாராவது கொண்டுவந்தால், வனத்துறையிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கும் வரை கடைக்குள் ஏற்ற வேண்டாம்.

கேட்டு வருபவரை வெறுங்கையோடு அனுப்பவும் வேண்டியதில்லை. ரெசினில் செய்த செயற்கைப் பவளம் கிடைக்கிறது. அதோடு கடல் மீன் மட்டும் வளர்ப்பவருக்கு விலை உயர்ந்த நீல விளக்கு தேவையில்லை, சாதாரண எல்.இ.டி.யும் ஒரு டைமரும் போதும்.