உயிரியற் பட்டப்படிப்பிற் பாட ஒழுங்கு

சம்மாந்துறை வட்டைகளிற் பெரும்போகம் செய்யும் கமக்காரன் மழை விழுந்த பின்னர் வித்தைத் தேடிப் புறப்படுவதில்லை. வாய்க்காலில் நீர் வருவது எப்போது, மாரி ஓய்வது எப்போது, அறுவடைக்கு வேண்டும் வெயில் கிடைப்பது எப்போது என்பனவற்றை முன்னரே எண்ணுகின்றான். அறுவடை நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, நான்கு மாத நெல்லோ மூன்றரை மாத நெல்லோ விதைக்கத்தக்கது எனத் துணிகின்றான். முடிவை முதலிலே கண்டு தொடக்கத்தை அதற்கேற்ப வகுப்பதே அவன் தொழிலின் நுட்பம். அவ்வயல்களின் அருகிலே பல்கலைக்கழகம் புகும் மாணாக்கர் பலரிடத்து இந்நுட்பம் காணப்படாமை வருந்தத்தக்கது. மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் கற்க வேண்டிய பாடங்களை, எளிமை நோக்கியும், நண்பர் தெரிவு நோக்கியும், முன்னோர் விட்டுச்சென்ற குறிப்புக்கள் கிடைப்பது நோக்கியும் ஏற்பவர் பலராவர். அதனால் விளையும் இழப்பு முதலாண்டில் தோன்றுவதில்லை. திருத்துதற்குக் காலம் கடந்த பின்னரே தோன்றும்.

கல்முனைப் பகுதியிலே உயர்கல்வி வாய்ப்புப் பெருகிய வரலாறு நெடியதன்று. கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி 1921 ஆம் ஆண்டிலே தோன்றி இலண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டங்களுக்கு மாணாக்கரைப் பயிற்றியது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்தது. அக்காலத்து விஞ்ஞானம் கற்க விழைந்த கிழக்கிலங்கை மாணாக்கன் ஊரைத் துறந்து நெடுந்தூரம் செல்ல வேண்டியவனாயினான். 1981 இல் வந்தாறுமூலையிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்று 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1995 ஒக்டோபர் 23 ஆம் நாள் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1996 மே மாதத்திலே தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒலுவிலை நிலைக்களமாகக் கொண்ட அப்பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்துள்ளது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களின் பிள்ளைகள், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், வீட்டை அணித்தாகவே வைத்து உயிரியல் கற்கும் நிலை இதனால் எய்தியது. தூரம் என்னும் தடை தளர்ந்தது. திட்டமின்மை என்னும் தடையோ இன்னும் நிற்கின்றது.

அத்திட்டமின்மைக்கு முதற் காரணம் மனநிலை. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியற் பிரிவைத் தெரிவோருட் பெரும்பாலார் மருத்துவத்தையே குறியாகக் கொள்கின்றனர். இசட் புள்ளி சிறிது குறைந்தமையால் மருத்துவ பீடம் புக இயலாதவர், விஞ்ஞானப் பட்டத்தை ஆறுதற் பரிசாக ஏற்கின்றனர். தம் வீட்டாரும் உறவினரும் அவ்வாறே பேசக் கேட்கின்றனர். ஆறுதற் பரிசாகப் பெற்ற பொருளை எவரும் கருத்தூன்றிப் பேணுவதில்லை. முதலாண்டின் பெரும்பகுதி மீண்டும் பரீட்சை எழுதலாமோ என்னும் ஐயத்திலே கழிகின்றது. அவ்வாண்டிற் பெறும் புள்ளிகளே பின்னர்ச் சிறப்புப் பட்டத்தின் வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லன என்பதை அவர் உணருமுன் வாயில் அடைபட்டுவிடுகின்றது.

பட்டப்படிப்பின் அளவை முதலில் அறிதல் வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, பொதுப் பட்டத்துக்கு 90 அலகுகளும் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 அலகுகளும் வேண்டப்படுகின்றன. கிரெடிட் என வழங்கும் இவ்வலகு ஒன்று 50 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். ஆண்டொன்றுக்கு 30 அலகுகள். அஃதாவது 1500 மணி. அரையாண்டுக்குப் பதினைந்து வாரமாக ஆண்டுக்கு முப்பது வாரம் எனக் கொண்டால், வாரமொன்றுக்கு 50 மணி நேர உழைப்பாகும். விரிவுரையாயின் ஓரலகுக்கு 15 மணியும், செய்முறையாயின் குறைந்தது 30 மணியும் ஆசிரியர் முன்னிலையிற் செல்லும். எனவே, ஈரலகு விரிவுரையும் ஓரலகு செய்முறையும் கொண்ட ஒரு பாடத்துக்கு 150 மணி உழைக்க வேண்டிய மாணாக்கன், அவற்றுள் 60 மணியையே வகுப்பிலும் ஆய்வுகூடத்திலும் கழிக்கின்றான். எஞ்சிய 90 மணி அவனுடைய பொறுப்பு. நேர அட்டவணையில் வெற்றிடமாகக் காணப்படுவது ஓய்வன்று. எழுதப்படாத பாடமே அது. இக்கணக்கை அறியாதவன், ஓர் அரையாண்டில் எத்தனை செய்முறைப் பாடங்களை ஒருங்கே தாங்கலாம் என்பதையும் அறியான்.

அளவுக்கு அடுத்தது வரிசை. உயிரியலின் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று எழுப்பப்பட்டவை. உடற்றொழிலியல் உயிரிரசாயனவியலின்மேல் நிற்கின்றது. உயிரிரசாயனவியல் இரசாயனவியலின்மேல் நிற்கின்றது. கலத்தினுள் உணவு சத்தியாக மாறும் வழியின் ஒரு பகுதியை ஹான்ஸ் கிரெப்ஸ் 1937 இல் ஒரு வட்டமாக வகுத்துக் காட்டினார். ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் இன்னவென்று தெளிந்தவனுக்கு அவ்வட்டம் ஒரு கதைபோல விளங்கும். அவற்றை விளங்காது விட்டவனுக்கோ அது வாய்ப்பாடாக ஒப்புவிக்க வேண்டிய பெயர்த்தொடர். உயர்தரத்தோடு இரசாயனவியற் கடன் தீர்ந்தது எனக் கருதி, முதலாண்டிலேயே அதனைக் கைவிட வழி தேடும் மாணாக்கர், தாம் ஏறப்போகும் ஏணியின் கீழ்ப்படியை அறுப்பவராகின்றனர்.

புள்ளிவிபரவியலும் அத்தகையதே. கணக்குக்கு அஞ்சி உயிரியலைத் தேர்ந்தவர்க்கு இது கசப்பாகத் தோன்றும். மெண்டல் 1866 இல் வெளியிட்ட பட்டாணி ஆராய்ச்சியை நோக்குக. அவர் எண்ணிய 7324 விதைகளுள் 5474 உருண்டையாகவும் 1850 சுருங்கியும் இருந்தன. விகிதம் 2.96 இற்கு 1. இதனை 3 இற்கு 1 எனக் கொள்ளலாமோ? சரியாக மூன்றுக்கு ஒன்றாயின் 5493 உருண்டை விதைகள் இருத்தல் வேண்டும், வேறுபாடு 19. இப்பத்தொன்பது தற்செயலால் வந்ததோ, கொள்கையின் பிழையோ என்று தீர்த்துரைப்பது புள்ளிவிபரவியல். அதனைக் கல்லாதவன் பிறப்புரிமையியலைப் பிறர் சொல்லக் கேட்டு நம்புவானேயன்றித் தானே சோதித்தறியான். இக்கலையின் முறைகள் பலவற்றை ஆர். ஏ. ஃபிஷர் 1919 முதல் இங்கிலாந்தின் றொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்திலே வகுத்தார் என்பதும் நினைக்கத்தக்கது. வயலிலே வளர்ந்த கணிதம் வயல் சூழ்ந்த நாட்டின் மாணாக்கர்க்கு அந்நியமாதல் கூடாது.

முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுமாற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சம்மாந்துறைக் கமக்காரர் அறக்கொட்டி என வழங்கும் கபிலநிறத் தத்தியைத் தன் இறுதியாண்டு ஆய்வுக்குப் பொருளாகக் கொள்ள ஒரு மாணாக்கி விரும்புகின்றாள் என்க. அப்பூச்சி நெற்பயிரின் சாற்றை உறிஞ்சி வாடச் செய்வது. மருந்தை மிகுதியாகத் தெளிப்பின் அதனை உண்ணும் சிலந்தி முதலியனவும் மடிந்து, பூச்சி முன்னினும் பெருகுதல் உண்டு. இதனை வயலிலே அளந்து காட்ட வேண்டுமாயின் நான்காம் ஆண்டிலே ஆய்வு நிகழும். அதற்கு மூன்றாம் ஆண்டிலே பூச்சியியலும் பரிசோதனை வகுக்கும் முறையும் முடிந்திருத்தல் வேண்டும். அவற்றுக்கு இரண்டாம் ஆண்டிலே சூழலியலும் புள்ளிவிபரவியலும் வேண்டும். சிலந்தியையும் தத்தியையும் இனங்காண, முதலாண்டிலே விலங்குப் பாகுபாட்டிற் கைப்பழக்கம் வேண்டும். மருந்தின் இயல்பறிய இரசாயனவியல் வேண்டும். இவ்வாறு நான்காம் ஆண்டின் ஒரு வினா முதலாண்டின் பாடத்தெரிவை நிர்ணயிக்கின்றது. தரவுகளைத் திரட்டிய பின்னரே புள்ளிவிபரவியலைக் கற்கப் புகுபவள், எத்தனை பாத்திகளில் எத்தனை முறை எண்ணியிருக்க வேண்டும் என்பதை அறிந்து வருந்துவதன்றிச் செய்யத்தக்கது வேறில்லை.

இத்துணைத் தெளிவான வினா எல்லார்க்கும் முதலாண்டிலே தோன்றுமோ எனின், தோன்றாது. தோன்றாதவர் செய்யத்தக்கது பல வாயில்களைத் திறந்து வைத்தலே. இரசாயனவியல், புள்ளிவிபரவியல், கலவியல், பிறப்புரிமையியல், சூழலியல் ஆகிய ஐந்தும் எத்துறைக்கும் பொதுவான கைம்முதல். நுண்ணுயிரியலுக்குச் செல்வோனும், மீன்வளத்துக்குச் செல்வோனும், ஆசிரியனாக மீள்வோனும் இவற்றை இழத்தல் ஆகாது. பீடத்தின் கைந்நூலிலே ஒவ்வொரு பாடத்துக்கும் முன்தேவையான பாடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அதனை முதல் வாரத்திலேயே இறுதிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்து, ஒரு தாளில் நான்காண்டுகளையும் எட்டுக் கட்டங்களாக வரைந்து நிரப்புதல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. அம்மாலைப்பொழுதைச் செலவிடாதவர் ஓராண்டைச் செலவிட நேர்கின்றது.

இக்கரையோரத்திற்கே உரிய மற்றொரு கணக்கும் உண்டு. அது பருவக் கணக்கு. பெரும்போகம் ஒக்டோபர், நவம்பரில் விதைக்கப்பட்டு பெப்ரவரி, மார்ச்சில் அறுக்கப்படுகின்றது. வடகீழ்ப் பருவமழை பொழியும் மாதங்களிலே வாவி நீரின் உவர் குறைந்து அதன் உயிர்வாழ்வு மாறுகின்றது. ஏறாவூர் முதல் கல்முனை வரை நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியும், அதன் ஓரத்துக் கண்டற் காடுகளும், பொத்துவிற் களப்புக்களும் இயற்கை அமைத்த ஆய்வுகூடங்கள். ஆயினும் அவை பல்கலைக்கழக நாட்காட்டிக்குப் பணிவனவல்ல. மாரியைத் தவறவிட்டவன் அடுத்த மாரிவரை காத்திருத்தல் வேண்டும். நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முற்பட்டு வருவதையும் முஸ்லிம் மாணாக்கர் கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் நன்று. நான்காண்டில் அஃது ஒன்றரை மாதம் நகர்ந்திருக்கும். களப்பயணத்துக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீட்டார்க்கு, எந்த மாதம் எவ்விடம் எவருடன் செல்வது என்பதை ஓராண்டு முன்னரே தெரிவித்தல் தயக்கத்தைப் பெரிதும் நீக்கும். முன்னாள் இரவிலே கேட்கும் அனுமதி பெரும்பாலும் மறுக்கப்படும்.

இறுதியாக மொழி பற்றியும் சில கூறல் வேண்டும். கல்முனை சாஹிராக் கல்லூரியிலும் மஹ்மூத் மகளிர் கல்லூரியிலும் வெஸ்லி உயர்தரப் பாடசாலையிலும் தமிழிலே உயிரியல் கற்றவர், பல்கலைக்கழகத்திலே அதனை ஆங்கிலத்திற் கேட்கின்றனர். நேற்றுவரை கலம் என்றிருந்தது இன்று செல் ஆகின்றது. பிரசாரணம் ஒஸ்மோசிஸ் ஆகின்றது. ஒளித்தொகுப்பு ஃபோட்டோசிந்தெசிஸ் ஆகின்றது. பொருள் பழையது, பெயரே புதிது என்பதை உணராத மாணாக்கன், தான் யாதும் அறியாதவன் எனக் கலங்குகின்றான். முதல் அரையாண்டிலே விருப்பப் பாடங்களைக் குறைத்து, ஆங்கிலத்துக்கு நாள்தோறும் ஒரு மணியை ஒதுக்கி, இருமொழிப் பெயர்களை இரு நிரலாக எழுதும் ஒரு கொப்பியைப் பேணுபவன் இக்கலக்கத்தை விரைவிற் கடப்பான். தமிழிற் கற்றமை குறையன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்குவித்தார். உயிர்நூலைச் சொல்லும் ஆற்றல் தமிழுக்கு உண்டு என்பது அன்றே நிறுவப்பட்டது. இரு கரைக்கும் பாலமிடும் பொறுப்பே இன்று மாணாக்கனுடையது.

இப்பொறுப்பில் பாடசாலைக்கும் பங்குண்டு. உயர்தரப் பெறுபேறு வெளிவந்த நாளிலே மருத்துவம் பெற்றவர் பெயரை மட்டும் பலகையில் எழுதும் பாடசாலை, ஏனையோர்க்கு அவர் கற்கப்போவது இரண்டாந்தரம் எனக் கூறாமற் கூறுகின்றது. விஞ்ஞானப் பட்டம் பெற்றுத் திரும்பிய பழைய மாணவரை அழைத்து, பாடத்தெரிவு பற்றி ஒரு நாள் உரையாற்றச் செய்தல் பெருஞ்செலவன்று. நெல்லின் நோயும், வாவியின் மீனும், 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை அழித்துச்சென்ற இக்கரையின் மீளாக்கமும் உயிரியல் அறிந்தவர் கையை வேண்டி நிற்கின்றன. அவை மருத்துவமனைக்குள் முடியும் பணிகளல்ல.

சாய்ந்தமருதுக்குத் தெற்கே, சம்மாந்துறை வீதி பிரியும் காரைதீவிலே 1892 இற் பிறந்த விபுலானந்த அடிகளை முத்தமிழறிஞராகவே பலர் அறிவர். அவர் யாழ்ப்பாணத்திலே விஞ்ஞான ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டே தாமாகக் கற்று 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் என்பதை நினைப்பவர் சிலரே. விரிவுரை மண்டபமும் வழிகாட்டும் துறைத்தலைவரும் இன்றிப் பகலிற் கற்பித்து இரவிற் கற்றவர்க்கு, எதனை முன் கற்பது எதனைப் பின் கற்பது என்னும் ஒழுங்கே ஆசிரியராய் அமைந்திருத்தல் வேண்டும். அவர் பிறந்த ஊரிலிருந்து சில கல் தொலைவிலே இன்று ஒரு விஞ்ஞான பீடம் நிற்கின்றது. அதன் வாயிலிற் புகும் மாணாக்கன் முதல் நாளிலே ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து நான்காம் ஆண்டை முதலில் எழுதுவானாயின், ஆறுதற் பரிசு எனப் பெற்ற பட்டம் தேடிப்பெற்ற செல்வமாக மாறும்.