திறப்பு யார் கையில்?

1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, காணி உறுதியைக்கூட எடுக்க முடியாமல் புத்தளம் போய்ச் சேர்ந்தன. அந்த அனுபவத்தால்தானோ என்னவோ, இன்று உறுதி, பிறப்பு அத்தாட்சி, விவாகப் பதிவு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணனியில் வைக்கிறோம். நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டியின் திறப்பு யாரிடம், சகோதரிகளே?

‘நிர்வாகி’ என்னும் முழு அதிகாரக் கணக்கு பல வீடுகளில் ஒன்றே ஒன்றுதான். அதைத் தொடங்கியவர் கட்டாரில் இருப்பார். கரண்ட் திடீரென்று போய் அந்தக் கணக்கு பழுதானால், பிள்ளைகளின் சாதாரணக் கணக்கால் எதையும் திருத்த முடியாது.

கடையில் ‘போர்மட் பண்ணுவோம்’ என்பார்கள். உடனே சம்மதிக்காதீர்கள், உள்ளதெல்லாம் அழிந்துபோகும். பூட்டப்படாத ஹார்ட் டிஸ்க் என்றால், லினக்ஸ் போட்ட பென்டிரைவால் கணனியை இயக்கிக் கோப்புகளை முதலில் வெளியே எடுக்கலாம். அதையும் பக்கத்தில் இருந்து பாருங்கள். வீட்டுப் பெண்களின் படங்களும் அதற்குள்தானே இருக்கின்றன!

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் மறைந்திருந்த நிர்வாகிக் கணக்கு, ‘சேஃப் மோட்’டில் பெரும்பாலும் கடவுச்சொல் இன்றியே திறக்கும். 2007இல் வந்த விஸ்டாவிலிருந்து அது முடக்கப்பட்டே வருகிறது. எனவே மச்சான் சொல்லும் பழைய வித்தை பலிக்காது.

மைக்ரோசொப்ட் கணக்கென்றால், அதன் சொந்தக்காரர் கட்டாரில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் கடவுச்சொல்லை மாற்றலாம். நீலத்திரை கேட்கும் 48 இலக்க மீட்பு எண்ணும் அநேகமாக அந்தக் கணக்கிலேயே இருக்கும். வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கணனி நன்றாக இருக்கும்போதே இரண்டாவது நிர்வாகிக் கணக்கொன்றை உங்கள் பெயரில் திறந்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறுதி இருக்கும் பையிலேயே வையுங்கள்.