தழும்பு ஏன் பழைய தோல் மாதிரி ஆகுறதில்லை?

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. சிசேரியன் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சாம். தையல் போட்ட இடம் இன்னும் வெளுத்து, வழவழன்னு இருக்கு, எந்த க்ரீம் போட்டா பழையபடி ஆகும்னு கேட்டிருந்தாங்க. நேரடியாவே சொல்லிடுறேன்: எந்த க்ரீமும் பழையபடி ஆக்காது. ஏன்னு புரிஞ்சா வீண் செலவு மிச்சம், மனசும் கொஞ்சம் லேசாகும்.

நம்ம தோல்ல மேல்தோல், அதுக்குக் கீழே உள்தோல்னு ரெண்டு முக்கியமான அடுக்கு இருக்கு. சிராய்ப்புல மேல்தோல் மட்டும் போனா, தடமில்லாம ஆறிடும். காயம் உள்தோலுக்குள்ள ஆழமாப் போனாதான் தழும்பு.

அந்த நேரத்துல உடம்புக்கு அழகு முக்கியமில்ல. ரத்தம் போகுது, கிருமி நுழையுது, சீக்கிரம் அடைக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா நாங்க போடுற ஹாட்ஃபிக்ஸ் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஃபைப்ரோபிளாஸ்ட்னு சொல்ற செல்கள் ஓடி வந்து கொலாஜன் என்ற புரத நாரை வேகமா உருவாக்கும்.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா, சாதாரணத் தோல்லயும் பெரும்பகுதி அதே கொலாஜன்தான். அடுக்கு முறைதான் வேற. நல்ல தோல்ல நார்கள் கூடை பின்னின மாதிரி எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமா ஓடும். தழும்புல விறகுக் கட்டு மாதிரி பெரும்பாலும் ஒரே திசையில் நெருக்கமா கிடக்கும். அதனாலதான் தொட்டா விறைப்பா இருக்கு. முழுசா முதிர்ந்த தழும்புக்குக்கூட பழைய தோலோட பலத்துல சுமார் 80 சதவீதம்தான் திரும்ப வரும்.

ஆழமான காயத்துல மயிர்க்கால், வியர்வைச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி எல்லாம் அழிஞ்சா, பொதுவா அவை திரும்ப வராது. முடியும் இல்ல, நுண்ணிய தோல் வரிகளும் இல்ல, அதனால பளபளப்பு. ஆரம்பத்துல புது ரத்தக்குழாய்கள் நிறைய இருக்கும், அதான் சிவப்பு. பிறகு அவை குறையும்போது வெளுக்கும். மெலனின் கூடினா கறுக்கவும் செய்யும்.

தழும்பு செத்த பொருள் இல்லைங்கிறதுக்கு ஒரு கதை. 1740-களில் ஆன்சனோட கடற்பயணத்தில் ஸ்கர்வி பரவுச்சு. 1690-ல் பாய்ன் போரில் காயம்பட்ட ஒரு முதியவருக்கு, 50 வருஷம் முன்னாடியே ஆறின புண் திரும்பத் திறந்துக்கிச்சுன்னு அந்தப் பயணக் குறிப்பு சொல்லுது. கொலாஜன் தினமும் கொஞ்சம் கரைஞ்சு, கொஞ்சம் புதுசா உருவாகிட்டே இருக்கு. அதுக்கு விட்டமின் சி வேணும். அது கிடைக்கலைன்னா தழும்பே பிரியும்.

அப்போ என்ன செய்யலாம்? புதுத் தழும்பை வெயில்ல இருந்து காப்பாத்துங்க, இல்லைன்னா கறுத்துப்போகும். மேடான தழும்புக்கு சிலிக்கான் ஜெல் ஓரளவு உதவும். காயத்தோட எல்லையைத் தாண்டி வளர்ந்தா அது கெலாய்டு. காது குத்தின இடத்துல, நெஞ்சுல, தோள்ல அடிக்கடி வரும். நம்ம மாதிரி கறுத்த தோல்காரங்களுக்கு வாய்ப்பு அதிகம். அதை வெட்டி மட்டும் எடுத்தா திரும்ப வர வாய்ப்பு நிறைய. தோல் டாக்டரைப் பாருங்க.

கேள்வி கேட்ட தோழிக்கு: உங்க தழும்பு வெளுத்து, தட்டையா இருக்குன்னா அது நல்லா முதிர்ந்துடுச்சுன்னு அர்த்தம். அதுல சரிபண்ண வேண்டிய குறை எதுவும் இல்லைங்க.