விங்கில் பறந்த பாஸ்டர்

மெல்பர்ன் கால்பந்து கிளப்புகளில் வீரர்களுக்குத் தைலம் தேய்த்து உடம்பு பிடித்துவிட டிரெய்னர்கள் உண்டு. 1927-இல் கார்ல்டன் கிளப்பில் இடம் தேடி வந்த டக் நிக்கல்ஸுக்கு மட்டும் அந்தக் கைகள் நீளவில்லை. கறுப்பு உடம்பு, நாற்றம் அடிக்கிறது என்றார்கள். தீட்டு எந்தக் கண்டத்துக்குப் போனாலும் இதே சாக்கைத்தான் சொல்லும் போலிருக்கிறது. அவர் கிளம்பி, ஒரு படி கீழான லீகில் ஆடிய நார்த்கோட்டில் சேர்ந்தார்.

முர்ரே ஆற்றோரம் கம்மரகஞ்சா என்ற பழங்குடிக் குடியிருப்பில் 1906-இல் பிறந்தவர். யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர். எட்டு வயதில், அக்கா ஹில்டாவைப் போலீஸ் பிடித்துப்போனதைக் கண்ணெதிரே பார்த்தவர். பழங்குடிப் பெண்பிள்ளைகளை வீட்டுவேலைக்குப் பழக்கும் விடுதிக்கு அவளைக் கொண்டுபோனார்கள்.

அங்கே கால்பந்து என்றால் ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஆட்டம்: முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர். எதிராளியின் தோளுக்கு மேல் எம்பி, அந்தரத்தில் பந்தைப் பற்றுகிறவனுக்குத்தான் கைதட்டல். நெட்டையர்களின் ஆட்டம்; நிக்கல்ஸின் உயரமோ 5 அடி 2 அங்குலம். ஆனாலும் எம்பினார், பிடித்தார். மைதானத்தின் பக்கவாட்டில், விங்கில் அவர் ஓட ஆரம்பித்தால் துரத்துகிறவர் பாடு திண்டாட்டம். 1929-இல் நார்த்கோட் கோப்பை வென்றது. அதே ஆண்டு இரண்டு பந்தய ஓட்டங்களிலும் பரிசுப்பணம் வாங்கினார். ஷார்மன் என்பவர் நடத்திய குத்துச்சண்டைக் கூடாரத்தில் சண்டையும் போட்டார்.

1932-இல் மேல் லீகில் ஆடிய ஃபிட்ஸ்ராய் அணி அழைத்தது. பட்டது மறக்குமா? உடைமாற்றும் அறையில் ஒதுங்கியே உட்கார்ந்தார். வலியப் போய்ப் பக்கத்தில் இடம்பிடித்தவர் ஹேடன் பன்டன். லீகின் உச்ச நட்சத்திரமே அங்கே உட்கார்ந்தபின் மற்றவர்கள் என்ன பேச முடியும்? ஃபிட்ஸ்ராய்க்கு 54 ஆட்டங்கள் ஆடினார். 1935-இல் விக்டோரியா மாநில அணியிலும் இடம்பெற்றார்.

ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, 1972-இல் சர் பட்டம், 1976-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர் பதவி. இரண்டும் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் எவருக்கும் அதுவரை கிடைக்காதவை. உடல்நலம் கெட்டதால் பதவி ஐந்தே மாதம்தான். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பட்டத்தையும் பதவியையும்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது இரண்டாம் உலகப் போர்க்காலச் சம்பவம் ஒன்று. ராணுவத்தில் சேர்ந்திருந்த அவரைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டது மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் பகுதிப் போலீஸ். பிழைப்புத் தேடி அங்கே வந்து குடியிலும் வறுமையிலும் சிக்கிக் கிடந்த பழங்குடிக் குடும்பங்கள், போலீஸின் பேச்சைக் கேட்பதாயில்லை. வந்தவர் கோர் தெருவில் அவர்களுக்கென்று ஒரு தேவாலயம் நடத்தி, அதற்குப் பாஸ்டரும் ஆனார்.